தாயைப் போல் பிள்ளை. ஆயினும் நோய் தலைவிதியன்று
(தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நம் வீடுகளில் நாள்தோறும் பேசப்படுவது; ஆனால் முழுமையாக அறிந்துகொள்ளப்படாதது. இனிப்பு நீர் என்று நாம் வழங்கும் நீரிழிவு நோய், சிலருடைய சிறுநீரகத்தையும் இரத்தக் குழாய்களையும் கெடுத்துவிடுகிறது. வேறு சிலருக்கு அந்நோய் நெடுங்காலம் இருந்தும் அவ்வாறு கெடுவதில்லை. இதற்குக் காரணம் என்ன? பரம்பரையா, பழக்கமா? பரம்பரை என்றால், நாம் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

"என் தகப்பனாருக்குச் சிறுநீரகம் கெட்டது, அண்ணனுக்கும் கெட்டது, எனக்கும் கெடத்தான் போகிறது. பரிசோதனைக்குப் போய் என்ன ஆகப்போகிறது?" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்த நோய் வந்ததில்லை; எனக்கும் வராது" என்று சொல்லி இருந்துவிடுகிறவர்களும் உண்டு. முன்னவர் அச்சத்தால் போகவில்லை. பின்னவர் துணிவால் போகவில்லை. முடிவு ஒன்றே: இருவரும் பரிசோதனையைத் தவறவிடுகிறார்கள். இவ்விரு எண்ணங்களும் ஏன் தவறானவை என்பதை எடுத்துரைப்பதே என் நோக்கம்.

நாட்டின் நிலை

முதலில் நம் நிலையைத் தெரிந்துகொள்வோம். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டில் நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே கணக்கிட்டபோது அது நூற்றுக்கு 31.4 ஆயிற்று. அதாவது, நம்மவரில் பத்துப் பேரில் மூவருக்கும் அதிகம். அந்த ஆய்வில் நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர், தமக்கு அந்நோய் இருப்பதையே அதுவரை அறியாதவர்கள். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 எனச் சற்றுக் குறைந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் இனிப்பு நீரால் சிறுநீரகம் கெட்டவர்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

டயாலிசிஸ் என்பது வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டிருப்பதாகும். நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒரு தொழிலாளிக்கு வாரத்தில் மூன்று நாள் என்பது எத்தகைய இழப்பு என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சிறுநீரகம் செய்யும் வேலை

நீங்கள் கொண்டுவந்து கொடுக்கும் பாலை, ஸ்டோரில் தொட்டியில் ஊற்றுமுன் சல்லடையில் வடிகட்டுகிறார்கள். பட்டைத் துணுக்கும் இலையும் சல்லடையில் தங்கிவிடுகின்றன. பால் மட்டும் கீழே இறங்குகிறது. நம் சிறுநீரகமும் இத்தகைய வடிகட்டும் நிலையமே. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மயிரினும் மெல்லிய இரத்தக் குழாய்களின் சுருள். ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீட்டர் நீர் இவற்றின் வழியே வடிகிறது. அதில் பெரும்பகுதியை உடல் திரும்ப எடுத்துக்கொள்ள, ஒன்றரை லீட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. அல்புமின் என்னும் புரதம் உடலுக்கு வேண்டிய பொருள். நல்ல வடிகட்டி அதை வெளியே விடாது.

இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால், இவ்வடிகட்டியின் மென்சவ்வு தடித்துப்போகிறது. உள்ளே அழுத்தமும் ஏறுகிறது. சல்லடைக் கண் பழுதாகி, அல்புமின் சிறிது சிறிதாகக் கசியத் தொடங்குகிறது. இந்நிலையில் வலி இராது, வீக்கம் இராது, சிறுநீரின் நிறமும் மாறாது. காலில் வீக்கம் காணும்போது நோய் பெரும்பாலும் வெகுதூரம் சென்றிருக்கும். ஆகவேதான் இதை நாமாக உணர முடியாது. சோதனையால் மட்டுமே அறிய முடியும்.

இதே கேடு கண்ணின் பின்புறத்து நுண்குழாய்களிலும், நரம்புகளுக்குச் செல்லும் நுண்குழாய்களிலும் நிகழ்கிறது. இதயம், மூளை, கால் ஆகியவற்றுக்குச் செல்லும் பெருங்குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைப்பு உண்டாகிறது. மாரடைப்பு, பக்கவாதம், ஆறாத காற்புண் ஆகியவை இதன் விளைவுகளே. அல்புமின் கசிவு உள்ளவர்களுக்கு இதய நோயும் மிகுதியாக வருவதால், சிறுநீர்ச் சோதனை உடலெங்கும் உள்ள குழாய்களின் நிலையை ஓரளவு காட்டும் கண்ணாடி எனலாம்.

சிலருக்கு மட்டும் ஏன்?

இனிப்பு நீர் உள்ள அனைவருக்கும் சிறுநீரகம் கெடுவதில்லை. பத்துப் பேரில் மூவர் அல்லது நால்வருக்கே அந்நிலை ஏற்படுகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள ஜோஸ்லின் நீரிழிவு நிலையம், இன்சுலின் ஊசியோடு 50 ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்குப் பதக்கம் அளித்து வருகிறது. அப்பதக்கம் பெற்றவர்களை ஆராய்ந்தபோது, அவர்களுள் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கவில்லை என்பது தெரியவந்தது. அவர்களுடைய உடலில் ஏதோ ஒரு பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும் என மருத்துவ அறிஞர் கருதுகின்றனர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1989-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மருத்துவர்கள், உடன்பிறந்தோர் இருவருக்கும் இனிப்பு நீர் இருந்த குடும்பங்களை ஆராய்ந்தனர். ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்த குடும்பங்களில், மற்ற உடன்பிறந்தோரில் நூற்றுக்கு 83 பேருக்குச் சிறுநீரகக் கேட்டின் அறிகுறி இருந்தது. முதலாமவருக்குக் கெடாத குடும்பங்களில் அது நூற்றுக்கு 17 மட்டுமே. ஆராயப்பட்டோர் தொகை சிறியதே; எனினும் வேறுபாடு மிகப் பெரிது.

அரிசோனா மாநிலத்தில் பீமா என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். இனிப்பு நீர் மிகப் பரவலாக உள்ள மக்கள் அவர்கள். 1990-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அங்கே இனிப்பு நீர் உள்ள பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்தது. தாய் தந்தை இருவருக்கும் புரதக் கசிவு இல்லையெனில், பிள்ளைகளில் நூற்றுக்கு 14 பேருக்குக் கசிவு இருந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 23 பேருக்கு. இருவருக்கும் இருந்தால் 46 பேருக்கு.

இவ்வெண்களை ஊன்றி நோக்குங்கள். பெற்றோர் இருவருக்கும் கசிவு இருந்தும், பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதுவரை கசிவு இல்லை. பெற்றோர் இருவருக்கும் இல்லாமலிருந்தும், நூற்றுக்கு 14 பிள்ளைகளுக்கு அது வந்துவிட்டது. அஞ்சி ஒடுங்குவோருக்கும், துணிந்து அசட்டையாக இருப்போருக்கும் ஒருசேர இது விடையளிக்கிறது.

ஒரு குடும்பத்தார் பகிர்ந்துகொள்வது இரத்தத்தை மட்டுமன்று; அடுப்பையும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரே சோற்றுப்பானை, ஒரே உப்பு, ஒரே டின் பால் தேநீர். ஆகவே குடும்பத்தில் பரவும் அனைத்தையும் பிறவிக் குணம் என்று தள்ளிவிடுவதும் பொருந்தாது.

மரபணு என்பது என்ன?

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் குணக் குறிப்புகளே மரபணுக்கள். மனித உடலில் இவை ஏறத்தாழ 20,000 உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி தாயிடமிருந்தும் ஒரு பிரதி தந்தையிடமிருந்தும் வருகின்றன. சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஒற்றை மரபணு இருக்கும் என்று முற்காலத்தில் சிலர் எண்ணினர். அவ்வாறு ஒன்றும் அகப்படவில்லை. பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறிதளவு கூட்டியும் குறைத்தும் வேலை செய்கின்றன என்பதே இன்றைய அறிவு.

2019-இல் இன்சுலின் ஊசியையே நம்பி வாழும் முதல்வகை நோயாளர் ஏறத்தாழ 20,000 பேரின் மரபணுக்கள் ஒப்பிடப்பட்டன. சிறுநீரக நோயோடு தொடர்புடைய 16 இடங்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று, வடிகட்டியின் மென்சவ்வை நெய்யும் கொலாஜன் என்னும் நார்ப்பொருளை உண்டாக்கும் மரபணு. அதில் காணப்படும் ஒரு சிறு மாற்றம் சிறுநீரகத்தைக் காக்கிறது. பிறவியிலேயே நல்ல சல்லடை பெற்றவர்கள் உண்டு என்று இதைக் கொள்ளலாம். அந்த ஆய்வில் இடம்பெற்றோர் ஐரோப்பிய வழியினர். அம்முடிவுகளை அப்படியே நமக்குப் பொருத்திவிடுதல் கூடாது.

நமக்கு நெருக்கமான செய்தி மற்றொன்று உண்டு. நம் இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாளில் தேய்ந்து உடைகின்றன. அவற்றுள்ளிருந்து வெளிவரும் இரும்புச் சத்துள்ள பொருள் கட்டவிழ்ந்து திரிந்தால் குழாய்ச் சுவரைக் கெடுக்கும். அதைப் பற்றிக்கொண்டு அப்புறப்படுத்தும் புரதத்திற்கு ஹாப்டோகுளோபின் என்று பெயர். அதில் பிறவி வேறுபாடுகள் உண்டு என்பதை ஆலிவர் சிமிதீஸ் என்னும் அறிஞர் 1955-இல் வெளிப்படுத்தினார். ஒன்றாம் வகை, இரண்டாம் வகை என அவை இரண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் இரண்டாம் வகையையே பெற்றவர்களுக்கு இனிப்பு நீரும் சேர்ந்தால், இதயக் குழாய் நோய் மிகுகிறது என்று சில ஆய்வுகள் காட்டின. இவ்விரண்டாம் வகை இந்தியத் துணைக்கண்டத்து மக்களிடையே மிகப் பரவலாக உள்ளது. எல்லா ஆய்வுகளும் ஒரே அளவு ஆபத்தைக் காட்டவில்லை. அதனால் மருத்துவமனைகளில் இது வழக்கமான சோதனையாக இல்லை.

அப்படியானால் நம் மரபணுவை எப்படி அறிவது? அதற்கு விலையுயர்ந்த சோதனை தேவையில்லை. உங்கள் தாய், தந்தை, அண்ணன், தம்பி, அக்காள், தங்கை ஆகியோரின் நோய் வரலாறே போதுமான குறிப்பு. அதைச் சோதனைச் சாலையில் தேட வேண்டாம். உங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டறியலாம்.

ஒரே ஒட்டுக் கன்று, வேறு வேறு விளைச்சல்

"தாயைப் போல் பிள்ளை, நூலைப் போல் சேலை" என்பது நம் முன்னோர் வாக்கு. அதில் உண்மை உண்டு. ஆனால் நூல் மட்டும் சேலையாகிவிடுவதில்லை. நெய்கிறவர் கையும் வேண்டும்.

உங்கள் தொழிலிலிருந்தே சான்று காட்டுகிறேன். நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் இனத்தை அறிவீர்கள். ஒரே தாய்மரத்தின் மொட்டை ஒட்டி வளர்த்தவை ஆதலால் அம்மரங்கள் அனைத்திற்கும் பிறவிக் குணம் ஒன்றே. எனினும் எல்லா நிரைகளிலும் ஒரே அளவு பால் கிடைக்கிறதா? மண் வேறு, உரம் வேறு, மழை வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக வெட்டுகிறவர் கை வேறு. ஆழ வெட்டிப் பட்டையைக் காயப்படுத்தியவரின் மரம், நல்லினமாயிருந்தும் பாழாகிறது. பக்குவமாக வெட்டியவரின் மரம் பல்லாண்டு பலன் தருகிறது. மனித உடலும் இவ்வாறே. இனத்தை நாம் தேர்ந்தெடுக்க இயலாது. பராமரிப்பு நம் கையில் உள்ளது.

பராமரிப்பின் பயன்

இதற்கு ஆதாரம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 நோயாளர்களைக் கொண்டு நடந்த நீண்ட ஆய்வின் முடிவு 1993-இல் வெளிவந்தது. இரத்தச் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, சிறுநீரில் அல்புமின் கசிவு ஏற்படும் ஆரம்ப நிலை நூற்றுக்கு 39 பங்கும், முற்றிய நிலை 54 பங்கும் குறைந்தன. பிரித்தானியாவில் நடந்த ஆய்வின் முடிவு 1998-இல் வந்தது. இது நம்மவருக்கு மிகுதியாக வரும் இரண்டாம் வகை நோயைப் பற்றியது. இரத்த அழுத்தத்தை நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்கு நுண்குழாய்க் கேடு 37 பங்கும், பக்கவாதம் 44 பங்கும், இந்நோயால் நேரும் இறப்பு 32 பங்கும் குறைந்தன.

இந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களை நல்ல பரம்பரை, கெட்ட பரம்பரை என்று பிரித்துச் சேர்க்கவில்லை. எல்லா வகையினரும் அவர்களுள் இருந்தனர்.

மருந்துகளும் முன்னேறியுள்ளன. இரத்த அழுத்தத்தை ஏற்றும் நொதி ஒன்றைத் தடுக்கும் மாத்திரைகள் சிறுநீரகத்தைக் காப்பதை 1993-இல் வெளிவந்த கேப்டோபிரில் ஆய்வு மெய்ப்பித்தது. பெயர் 'பிரில்' என்று முடியும் மாத்திரைகள் இவ்வகையின. ஆகவே, "எனக்கு அழுத்தம் அவ்வளவு இல்லையே, மருத்துவர் ஏன் இதைக் கொடுக்கிறார்?" என்று ஐயுற்று அதை நிறுத்திவிடாதீர்கள், அது உங்கள் சிறுநீரகத்திற்காகவும் கொடுக்கப்படலாம். கருவுற்ற தாய்மார்கள் இம்மாத்திரையை உட்கொள்ளலாகாது. கருவுற்றதை உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அண்மைக் காலத்தில், மிகுதியான சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகளும் வந்துள்ளன. 2019-இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஏற்கெனவே சிறுநீரகம் பழுதுபட்டிருந்தோருக்கு, சிறுநீரகம் செயலிழத்தல் முதலான பெருங்கேடுகளை அவை நூற்றுக்கு 30 பங்கு குறைத்தன.

ஒரு தவறான எண்ணம்

"மருந்து சாப்பிட்டுத்தான் அவருக்குச் சிறுநீரகம் கெட்டது" என்னும் பேச்சு நம்மிடையே பரவியுள்ளது. பத்தாண்டு மாத்திரை உட்கொண்ட ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு மாத்திரை தெரிகிறது. உள்ளே பத்தாண்டாக ஏறியிறங்கிய சர்க்கரை தெரிவதில்லை. சிறுநீரகம் தளர்ந்த பின் மருத்துவர் சில மாத்திரைகளின் அளவைக் குறைப்பதும் இந்த ஐயத்தை வளர்க்கிறது. உண்மையில் அச்சப்பட வேண்டியவை வேறு. இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் கடையில் தாமாகவே வாங்கி நாள்தோறும் விழுங்கும் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். என்ன கலந்துள்ளது என்று தெரியாத சூரணங்களும் அவ்வாறே. வலிக்கு மருந்து கேட்கும்போது, "எனக்கு இனிப்பு நீர் உண்டு" என்று முதலிற் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை

இனி, நாம் கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

ஒன்று: இனிப்பு நீர் உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் சிறுநீரில் அல்புமின் அளவையும், இரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும் சோதித்துக்கொள்ள வேண்டும். கண்ணையும் காலையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு: உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ இந்நோயால் சிறுநீரகம் கெட்டிருந்தால், அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். உங்களுக்கு இனிப்பு நீரே இல்லையெனினும் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். நம்மவருக்கு இளவயதிலும், உடல் பருக்காமலே கூடவும் இந்நோய் வருகிறது. ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டுவது எச்சரிக்கை.

மூன்று: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்று எண்களையும் சிறு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குரிய அளவு எது என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

நான்கு: புகைப்பதை விட்டொழியுங்கள். புகை, பழுதுபட்ட குழாயை மேலும் பழுதாக்கும். உப்பையும், டின் பாலையும் சீனியையும் குறையுங்கள்.

ஐந்து: வேலை முடிந்து காலணியைக் கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். நரம்பு மரத்த காலில் முள் தைத்தாலும் தெரியாது.

அரசாங்க சுகாதார நிலையங்களில் குடிமக்கள் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். உதவி பெறத் தகுதியுள்ள 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு, 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தின்கீழ் இலவசப் பரிசோதனை உண்டு. தகுதி பற்றிய ஐயத்தைச் சுகாதார நிலையத்திலேயே கேட்டுத் தெளியலாம்.

மறைக்க வேண்டாம்

இறுதியாக ஒரு வேண்டுகோள். பெண் கொடுக்கல் வாங்கலுக்குத் தடையாகுமோ என்று அஞ்சி, குடும்பத்து நோயை மறைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தகப்பனார் எதனால் இறந்தார் என்று கேட்டால், "உடம்பு சரியில்லாமல் போயிற்று" என்று முடித்துவிடுகிறோம். அவ்வாறு மறைத்த செய்தி, பிள்ளையைக் காத்திருக்கக்கூடிய செய்தியாக இருக்கலாம். டயாலிசிஸுக்குச் செல்லும் ஒரு தமையன், தன் தம்பி தங்கையரை அழைத்து, "எனக்கு இப்படி ஆயிற்று, நீங்கள் இந்த மாதமே சிறுநீரைச் சோதியுங்கள்" என்று சொல்வாராயின், அவர் செய்வது பேருதவி. பட்ட துன்பம் உடன்பிறந்தோருக்குப் பாதுகாப்பாக மாறுகிறது.

இன்று வீட்டிற்குச் சென்றதும் பிள்ளைகளின் பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா, பாட்டி, தாய், தந்தை, உடன்பிறந்தோர் ஆகியோரின் பெயர்களை எழுதுங்கள். யாருக்கு இனிப்பு நீர், யாருக்கு அழுத்தம், யாருக்குச் சிறுநீரகம், எந்த வயதில் என்று பக்கத்தில் குறியுங்கள். அடுத்த முறை சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது அத்தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.